முள்ளெலி கேட்ட மன்னிப்பு

அக்கா,

இன்று காலை நான் வழக்கமாக ஏறும் டிராம் நிறுத்தத்தைக் காணவில்லை. தெருவையே தோண்டிப் போட்டிருந்தார்கள். ஈரமண்ணும் தாரும் கலந்த வாடை. சுற்றிலும் கம்பி வேலி, வேலியில் ஒரு பெரிய பலகை, பலகையில் ஒரு வாத்து. கட்டட வேலையாட்கள் போடுகிற மஞ்சள் தலைக்கவசத்தைக் கழற்றி இறக்கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தைப் பணிவாக வளைத்து, "சிரமத்துக்கு மன்னியுங்கள், உங்களுக்காகத்தான் தோண்டுகிறோம்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். தற்காலிக நிறுத்தம் எந்தப் பக்கம் என்று அதே பலகையில் அம்புக்குறி போட்டிருந்தார்களாம். என் கண்ணில் படவில்லை. டிராம் போன பிறகு பின்னால் வந்த ஒரு பெண்தான் காட்டினாள். அவளோ, அந்த வழியாகப் போன மற்றவர்களோ வாத்தை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நகர நிர்வாகமே வைத்த வாத்து அது, அதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? எழுபதுகளில் இதே ஊரில் இதே மாதிரி ஒரு படத்துக்காகத்தானே உங்கள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தார்கள்? இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

அதனால் எழுதுகிறேன். எழுதினால் தெளியும் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை. உங்கள் விஷயத்தில் எனக்கு எதுவுமே முழுதாகத் தெளிந்ததில்லை.

நான் திருச்சியிலிருந்து வேதியியல் ஆராய்ச்சிக்காக ஹனோவர் வந்த புதிதில் என்னை முதலில் வரவேற்றவை பலகைகள்தான். மனிதர்கள் பேசுவதற்கு முன்னால் பலகைகள் பேசின. நுழையாதே, சாயாதே, சைக்கிளை இங்கே நிறுத்தாதே. கட்டடம் கட்டுகிற இடமெல்லாம் 'பிள்ளைகள் செய்வதற்குப் பெற்றோரே பொறுப்பு' என்று கறுப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. எனக்குப் பிள்ளையும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் யாரோ காதைப் பிடித்துத் திருகின மாதிரி இருக்கும்.

என் ஆய்வுக்கூட ஜன்னலின் கைப்பிடி கழன்றுவிட்டது என்று சொல்லத்தான் அடித்தளத்தில் இருந்த பல்கலைக்கழகக் கட்டட அலுவலகத்துக்கு வந்தேன். அங்கே கதவில் மட்டும் நாலைந்து அறிவிப்புகள். "இந்த ஊர்ல மூச்சு விடுறதுக்கும் ஒரு போர்டு வச்சிருப்பாங்க போல" என்று எனக்குள் முணுமுணுத்தேன்.

உள்ளேயிருந்து தமிழில் பதில் வந்தது. "அந்த போர்டும் நான்தான் கீறினனான்."

சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, வரைபலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் படத்தை வரைவதில்லை, கீறுவார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கட்டடத்தின் வரைபடங்களோடு அறிவிப்புப் பலகைகளையும் எழுதுவது உங்கள் வேலை. வயதைக் கேட்டீர்கள். என்னைவிட ஒரு வயது மூப்பு என்று தெரிந்ததும், "அப்ப என்னை அக்கா எண்டு கூப்பிடும்" என்றீர்கள். அந்த ஒரு வயது உங்களுக்கு ஒரு பட்டம் மாதிரி.

மேசையைப் பார்த்துத்தான் நான் திகைத்தேன். அளவுகோல், மூலைமட்டம், மைப்பேனாக்கள், இவற்றுக்கு நடுவில் பாண்டாக் கரடி முகம் போட்ட பென்சில் பெட்டி. ஸ்ட்ராபெரிப் பழ வடிவில் ஒரு அழிப்பான். முகர்ந்தால் பழத்தின் வாசனைகூட வரும். ஒரு மூலையில் முயல் உட்கார்ந்திருக்கும் கடிதத் தாள்கள். எல்லாவற்றுக்கும் கண் இருந்தது, கண்ணுக்குக் கீழே சிவந்த கன்னம் இருந்தது. "குழந்தை இருக்கா அக்கா?" என்று கேட்டேன். "இல்லை. இதெல்லாம் என்ரதான்" என்றீர்கள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

உங்கள் அப்பா ரத்தினக்கல் வியாபாரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்ததால் பல வருடம் ஜப்பானில், கோபே நகரத்தில் இருந்தீர்கள். வரைபடம் போடப் படித்ததும் அங்கேதான். கல்யாணமாகி, பொறியியல் படிக்க வந்த கணவரோடு ஹனோவர் வந்து சேர்ந்தீர்கள். அவர் படித்துக்கொண்டிருந்தார், உங்கள் சம்பளத்தில் வீடு ஓடியது. இருவருக்கும் இங்கே இருக்க அனுமதி நீண்டதும் உங்கள் வேலையைக் காட்டித்தான். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை அது. இவ்வளவும் தெரிந்திருந்தும் நீங்கள், வெளிநாட்டார் அலுவலகத்துக்கு முயல் படம் போட்ட தாளில் விண்ணப்பம் எழுதினீர்கள். "வாசிக்கிறவனுக்கு மனம் கொஞ்சம் இளகும்" என்று விளக்கம் வேறு. அங்கிருந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம். இளகினாரா என்று தெரியாது. அனுமதி கிடைத்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோபேயைப் பற்றிச் சொல்வீர்கள். பல் மருத்துவர் வீட்டு வாசலில் கண்ணீர் விடும் ஒரு கடைவாய்ப்பல். ரயில் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு அழும் ஒரு பூனை. காஸ் சிலிண்டருக்குக்கூடச் சிரித்த முகம். தெருவைத் தோண்டினால் அங்கே ஒரு பலகை நிற்கும், அதில் ஒரு வேலைக்காரர் தலைக்கவசத்தைக் கழற்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்பார். பொடிப்பெண்களின் கையெழுத்துகூட உருண்டையாக, கொழுகொழுவென்று மாறிக்கொண்டிருந்ததாம். அதற்கெல்லாம் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது, கவாயீ. அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டேன். "வடிவு எண்டு சொல்லலாம். ஆனா அது சரியில்லை. உள்ளங்கைக்குள்ள எடுத்து வைக்கோணும் போல இருக்கிறது" என்று கையைக் குழித்துக் காட்டினீர்கள்.

"காஸ் சிலிண்டர உள்ளங்கையில எடுத்து என்னக்கா பண்றது?" என்றேன். ஆபத்தான சாமானுக்குச் சிரித்த முகம் போடுவது என் வேதியியல் புத்திக்கு ஒத்துவரவில்லை. நான் அமிலப் புட்டிகளோடு வேலை செய்கிறவள். மண்டையோடும் எலும்பும் போட்ட சீட்டை நம்பித்தான் தினமும் உயிரோடு வீடு திரும்பினேன்.

"முகம் இருந்தா அடிச்சு எறிய மனம் வராது. கவனமாப் பிடிப்பினம்" என்றீர்கள்.

இன்னொரு நாள் அந்தக் குனியும் வேலைக்காரரைப் பற்றிக் கேட்டேன். உங்கள் வீட்டு முன்னால் மாதக்கணக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்களாம். அப்பா சேற்றில் கால் வைத்துத் திட்டிக்கொண்டே போவாராம், பலகை குனிந்துகொண்டே இருக்குமாம். "அவங்களுக்கு நிஜமாவே வருத்தமாக்கா?" என்றேன். "ஆருக்கு, படத்துக்கோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அது மரியாதைக்குக் குனியிறது. ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை." இதை நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்னால் நடந்ததை யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நாம் ஒரே ஒருமுறை நிஜமாகச் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? நான் முதன்முதலாக ஜெர்மன் மொழியில் கருத்தரங்கில் பேசிய நாள். வாரக்கணக்காகத் தயார் செய்து, வினையூக்கி பற்றி வியர்க்க வியர்க்கப் பேசி முடித்தேன். பக்கத்து ஆய்வுக்கூடத்து மனிதர் ஒருவர் வந்து, சேலையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஸ்யூஸ்" என்றார். இனிப்பு என்று பொருள், செல்லமாக இருக்கிறது என்றும் பொருள். கேக்கைப் பார்த்தும் சொல்வார்கள், நாய்க்குட்டியைப் பார்த்தும் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களிடம் வந்து கொட்டினேன்.

"சொல்லட்டும்" என்றீர்கள் நீங்கள். "செல்லமா நினைச்சால் கதவைத் திறந்து விடுவினம். உள்ள போன பிறகுதானே எங்கட வேலையைப் பாப்பினம்."

"உள்ள போனப்புறமும் பார்க்க மாட்டாங்கக்கா. கன்னத்தைக் கிள்ளிட்டுப் போயிருவாங்க. உங்களையும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அந்தப் பென்சில் பெட்டிய மொதல்ல தூக்கிப் போடுங்க."

பாண் என்று நீங்கள் சொல்கிற ரொட்டியைக் கடித்து மென்று விழுங்கினீர்கள். பிறகு, "அதுவும் சரிதான்" என்றீர்கள். பெட்டியைத் தூக்கிப் போடவும் இல்லை. உங்களோடு சண்டை போடுவதில் இதுதான் கஷ்டம். ஒத்துக்கொண்டுவிடுவீர்கள், மாற மாட்டீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் நூலகத்துக்குப் போகும் பின்பக்க நடைபாதையைத் தோண்டினார்கள். வெந்நீர்க் குழாய் மாற்ற வேண்டுமாம். பள்ளத்தின் மேல் மரப்பலகைகளைப் போட்டு நடக்க வழி விட்டிருந்தார்கள். உங்கள் அலுவலகத் தலைவர் ஹெர் கெஸ்லர் ஒரு அறிவிப்பு எழுதிவைக்கச் சொல்லிவிட்டு விடுமுறையில் போனார். எல்லா இடத்திலும் எழுதுகிற வாக்கியம்தான், 'சொந்தப் பொறுப்பில் நடக்கவும்'. நீங்கள் அதை எழுதவில்லை. ஒரு முள்ளெலி வரைந்தீர்கள். இந்த ஊர்த் தோட்டங்களில் ஓடுகிற அதே முள்ளெலி. தலைக்கவசம் கையில், முட்கள் எல்லாம் பணிவாகப் படிந்து, கன்னம் சிவந்து, குனிந்து நின்றது. கீழே இரண்டே வரி: 'பாதை மோசம். மன்னியுங்கள்.'

நடைபாதையில் கூட்டம் கூடியது. எங்கள் துறைத் தலைவரான பேராசிரியர் பார்த்துப் பாராட்டினார். விடுமுறை முடிந்து வந்த கெஸ்லர் தலையைச் சொறிந்தார், பேராசிரியருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் அப்படியே விட்டுவிட்டார். நான் மட்டும் "ஸ்கூல் வாசல் மாதிரி இருக்கு" என்றேன். ஆனால் அந்தப் பக்கம் போகும்போது நானும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பிறகு ஃப்ராவ் லின்ட்னர் விழுந்தார். நூலகப் பொறுப்பாளர். ஒல்லியான, கண்டிப்பான பெண்மணி. இருமினால்கூட நிமிர்ந்து பார்ப்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, வேறு யாரும் பார்த்ததாகவும் சொன்னதில்லை. மரப்பலகையில் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்து கால் எலும்பு முறிந்தது.

கெஸ்லர் உங்களைக் கூப்பிட்டபோது நானும் வந்தேன். உங்கள் ஜெர்மன் வரைபடத்துக்குப் போதும், வக்கீல் பேச்சுக்குப் போதாது என்று நீங்கள்தான் இழுத்துப் போனீர்கள். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். "மற்ற எல்லா இடத்திலும் சொந்தப் பொறுப்பு என்று எழுதுகிறோம். இங்கே மட்டும் பாதை மோசம், மன்னியுங்கள் என்று எழுதியிருக்கிறோம். மோசம் என்று தெரிந்தே விட்டீர்களா, மன்னிப்பும் கேட்டுவிட்டீர்களா என்று காப்பீட்டுக்காரர் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?"

அவர் கேட்டது சின்ன விஷயம்தான். அந்தப் படம் நீங்கள் விளையாட்டுக்கு வைத்தது, அலுவலகத்தின் வார்த்தை இல்லை என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். தந்தால் ஒரு கண்டிப்போடு போய்விடும். தராவிட்டால் வருட முடிவில் உங்கள் வேலையைப் புதுப்பிக்கும்படி மேலிடத்தில் கேட்க அவரால் முடியாது. வேலை போனால் இங்கே இருக்கும் அனுமதியும் போகும், கணவரின் படிப்பும் பாதியில் நிற்கும். அதை அவர் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

நீங்கள் மாட்டேன் என்றீர்கள்.

உங்கள் வீட்டுச் சமையலறையில் உங்கள் கணவர் என்னிடம்தான் முறையிட்டார். "தங்கச்சி, நீங்களாவது இவவுக்குச் சொல்லுங்கோ. ஒரு முள்ளெலிக்காக ரெண்டு பேரும் பெட்டி கட்டுறதோ?" அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. நான் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நீங்கதானே சொன்னீங்க, அது மரியாதைக்குக் குனியுது, யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லைன்னு?"

"ஓம். சொன்னனான்."

"அப்ப எழுதிக் குடுத்திருங்க."

"படம் விளையாட்டு எண்டு எழுதுவன். மன்னிப்பு விளையாட்டு எண்டு எழுத ஏலாது."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றீர்கள். உங்கள் பிடிவாதத்துக்கு உங்களிடமே காரணம் இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. காரணம் இருந்தால் வாதாடலாம். இதோடு எப்படி வாதாடுவது?

மருத்துவமனைக்குப் போவோம் என்றதும் நீங்கள்தான். காப்பீட்டு விவகாரம் முடியும் வரை அந்த அம்மாவைப் பார்க்கப் போக வேண்டாம் என்று கெஸ்லர் சொல்லியிருந்தார். "அவர் சொல்லுவார். விழுந்த மனிசியைப் போய்ப் பாராமல் இருக்கிறதோ? நாங்கள் மனிசர் எல்லோ" என்று ஒரு பை நிறையத் தோடம்பழம் வாங்கிக்கொண்டீர்கள். இந்த ஊரில் பூ கொண்டுபோவார்கள் என்று சொன்னேன். "பூவைத் தின்ன ஏலுமோ?" என்றீர்கள். நாங்கள் ஆரஞ்சு என்று சொல்வதை நீங்கள் தோடம்பழம் என்பீர்கள், வாங்குவதென்றால் பை கிழிகிற மாதிரிதான் வாங்குவீர்கள்.

ஃப்ராவ் லின்ட்னர் மாவுக்கட்டுப் போட்ட காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். பழத்தைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "அந்த முள்ளெலியை வரைந்தது நீங்கள்தானா?" என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் ஆமென்று தலையாட்டி, பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலின் பக்கத்தில் நின்று, கோபேயில் பழகின மாதிரி இடுப்பிலிருந்து குனிந்தீர்கள். "மன்னியுங்கள். உண்மையாகவே மன்னியுங்கள்" என்றீர்கள். அவ்வளவு காலத்தில் நீங்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததேயில்லை.

அவர் கூரையைப் பார்த்தபடி, "நான் எதனால் விழுந்தேன் என்று தெரியுமா?" என்றார்.

"பலகை ஆடியதாமே" என்றேன் நான்.

"பலகை ஆடவில்லை. இவருடைய முள்ளெலியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தினமும் பார்ப்பேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை எங்கே வைக்கிறேன் என்று பார்க்கவில்லை."

அவர் விடாமல் சொன்னார். "காப்பீட்டுக்காரரிடம் பலகை ஆடியது என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த வயதில், முள்ளெலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குழியில் விழுந்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருவதா?"

நீங்கள் மறுபடியும் "மன்னியுங்கள்" என்றீர்கள். அப்போதுதான் அவர் தலையைத் திருப்பி உங்கள் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"போதும்" என்றார். "நீங்கள் கேட்பதைவிட அது நன்றாகக் கேட்டது."

அன்று பஸ்ஸில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அவ பகிடிக்குச் சொன்னவவோ, குத்திச் சொன்னவவோ?" வேடிக்கையா குத்தலா என்று எனக்கும் தெரியவில்லை என்றேன். இன்றைக்கும் தெரியாது. ஒரு நாள் அது அன்பான பேச்சாகத் தோன்றும், மறுநாள் கன்னத்தில் அறைந்த மாதிரித் தோன்றும். மனம் வலிக்க ஒரு மனுஷி எதிரில் நின்று கேட்ட மன்னிப்பை வேண்டாம் என்றுவிட்டு, யாருக்கும் வருத்தமில்லாத ஒரு படத்தின் மன்னிப்பை அவர் ஏற்றுக்கொண்டார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது அக்கா?

பலகை ஆடியது என்றால் அது மரப்பலகை போட்ட ஒப்பந்தக்காரர்களின் பாடு. உங்கள் படத்தைப் பற்றி இனி யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் எதுவும் எழுதித்தர வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நீங்களோ மறுநாள் காலை கெஸ்லரிடம் போய் ஒரு தாளை நீட்டினீர்கள். 'படம் நான் வரைந்தது. மன்னிப்பும் நான் கேட்டது. அலுவலகம் கேட்கவில்லை.' அவர் தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார். வேலையும் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் நீங்கள் அதோடு நிற்கவில்லை. இனிமேல் பலகைகளில் முகம் வரைய மாட்டேன் என்றும் அவரிடம் சொன்னீர்கள். அவர் அப்படி ஒரு உறுதியைக் கேட்கவே இல்லை.

"தேவையில்லாம எதுக்குக்கா அதைச் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"தேவையில்லை எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வரைபலகைக்குத் திரும்பிவிட்டீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். ஓய்வு பெறும் வரை அந்தக் கட்டடத்தில் உங்கள் கையால் வந்தவை கறுப்பு எழுத்துகள், மஞ்சள் முக்கோணங்கள், மின்னல் குறிகள். வாசனைக்காக வைத்திருந்த அந்த ஸ்ட்ராபெரி அழிப்பானால் கோடுகளை அழிக்கத் தொடங்கினீர்கள். அது தேய்ந்து தேய்ந்து ஒரு கூழாங்கல் அளவுக்கு வந்தது. கால் சரியாகித் திரும்பிய ஃப்ராவ் லின்ட்னர், முள்ளெலி இருந்த இடத்தில் 'சொந்தப் பொறுப்பில் நடக்கவும்' என்று இருந்ததைப் பார்த்து, "அது எங்கே?" என்று கேட்டாராம். "எடுத்துவிட்டோம்" என்றீர்களாம். அவர் தலையை ஆட்டிவிட்டு நூலகத்துக்குள் போய்விட்டாராம். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள்.

பள்ளிக்கூட வாசல் என்று கேலி செய்த எனக்கே அந்த நடைபாதை பிடிக்காமல் போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போனேன். குற்ற உணர்ச்சியால் நிறுத்தினீர்களா, ஃப்ராவ் லின்ட்னர் சொன்ன அந்த ஒரு வார்த்தை பட்ட வலியில் நிறுத்தினீர்களா? அல்லது உங்களைவிட உங்கள் படம் நன்றாகப் பேசுகிறது என்று கேட்டதும் அதன் மேல் பொறாமையா? கேட்டிருந்தால் நீங்கள் "அதுவும் சரிதான்" என்றிருப்பீர்கள். எதைச் சொன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

போன வருடம் உங்கள் கடைசி வாரங்களில் மருத்துவமனைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தேன். சின்னப் பெண்ணாக ஒரு தாதி, ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வருவாள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும் வட்ட முகங்கள், ஒரே வரிசையில். வலி எவ்வளவு என்று வாயால் சொல்ல வேண்டாம், முகத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். நீங்கள் ஒவ்வொரு முறையும் சிரிக்கிற முகத்தைத் தொட்டீர்கள். அவள் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போவாள். உங்கள் இன்னொரு கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்ததை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

"வலிக்குதாக்கா?"

"ஓம்."

"பிறகு ஏன் அதைக் காட்டுறீங்க? நிஜத்தைக் காட்டினாத்தானே மருந்து குடுப்பாங்க?"

"அந்த அழுகிற முகத்தை வடிவாக் கீறேல்லை" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பதா, உங்களைத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பிறகு நீங்கள், "பாவம், அந்தப் பிள்ளை. காலமையிலயிருந்து எத்தினை அழுகிற முகத்தைப் பாக்கும்" என்றீர்கள். அது நிஜமான காரணமா, அந்தக் கோபே பலகையின் வேலைக்காரரைப் போல மரியாதைக்குக் குனிந்தீர்களா?

நான் எழுந்து போய் அந்தத் தாதியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அவர் சிரிக்கிற முகத்தைத்தானே காட்டினார்?" என்றாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தேன். அவள் குனிந்து உங்கள் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கிழவி எதையோ உளறுகிறாள் என்பது போல. மருத்துவர் வரும் வரை காத்திருந்து, கெஞ்சி, சண்டை போட்டு, அந்த மருந்தை வாங்கினேன். உங்கள் கை விரிப்பை விட்டது. "நீர் நல்லாச் சண்டை பிடிக்கிறீர்" என்றீர்கள். அதன் பிறகு நாம் பேசியது அதிகம் இல்லை.

எனக்கு இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. சென்ற வாரம் மருத்துவரிடம் போயிருந்தேன். அவரும் ஒரு அட்டையை நீட்டினார், அதே வட்ட முகங்கள். எனக்குக் கோபம் வந்தது. நான் வேதியியலாளர், வலியை வாயால் சொல்லத் தெரியும், என்னிடம் குழந்தைப் படத்தை நீட்டாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே நிறையப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பாவம், களைத்துப்போயிருந்தார். என் விரல் தானாகப் போய்ச் சிரிக்கிற முகத்தில் நின்றது. அவர் நிம்மதியாக, நல்லது என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கூட வந்து சண்டை பிடிக்க எனக்கு யாரும் இல்லை. வலி உயிர் போகிறது, அக்கா.